பொன்னுக்குள் மாறும் அடுக்கு

தங்கம் ஒரு படிகம். கற்கண்டுக்கும் உப்புக்கும் இருப்பதுபோல அதன் அணுக்களுக்கும் பிசகாத ஓர் அடுக்குமுறை உண்டு. கண்ணுக்குத் தெரியும் அளவில் தங்கம் எங்கே கிடைத்தாலும் அந்த அடுக்குமுறை ஒன்றேதான். கோலார் வயல் பாறையில் இழையோடிய பொன்னும், ஆற்று மணலில் அரித்தெடுத்த பொடியும், நகைக்கடைத் தராசில் ஏறும் 22 காரட் வளையலும் இதில் வேறுபடுவதில்லை. ஆனால் சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்துவிட்ட தங்கத் துகளில் இந்த உறுதி தளர்கிறது. துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வேதிப்பொருளை மாற்றினால் போதும், உள்ளிருக்கும் அணுக்கள் இடம்பெயர்ந்து வேறொரு படிகமாக அமைந்துவிடுகின்றன. இதற்கு உலையும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். அறை வெப்பத்தில் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் நடந்து முடிகிற வேலை இது.

எந்த அடுக்கு எதுவாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளப் பழக்கடைக்குப் போகலாம். ஒரே அளவான எலுமிச்சம்பழங்களைத் தட்டில் நெருக்கிப் பரப்பினால் ஒவ்வொரு பழத்தையும் ஆறு பழங்கள் சுற்றி நிற்கும். மூன்று பழங்கள் ஒட்டும் இடத்திலெல்லாம் ஒரு குழி விழும். இரண்டாம் அடுக்குப் பழங்கள் அந்தக் குழிகளில் உட்காரும். எல்லாக் குழியிலும் உட்கார இடம் போதாது. ஒன்று விட்டு ஒன்றாகப் பாதிக் குழிகளே நிரம்பும். மூன்றாம் அடுக்கை வைக்கும்போதுதான் வழி பிரிகிறது. அதன் பழங்களை முதல் அடுக்குப் பழங்களுக்கு நேர் மேலே வைக்கலாம். அல்லது முதல் அடுக்கில் நிரம்பாமல் விட்ட குழிகளுக்கு நேர் மேலே வைக்கலாம். முதல் வகையில் அடுக்குகள் அ‑ஆ, அ‑ஆ என்று போகும். இரண்டாவது வகையில் அ‑ஆ‑இ, அ‑ஆ‑இ என்று போகும்.

இரண்டிலும் நெருக்கம் ஒன்றுதான். தன் அடுக்கில் ஆறு, மேலே மூன்று, கீழே மூன்று என ஒவ்வொரு பழத்துக்கும் பன்னிரண்டு அண்டைப் பழங்கள். மொத்த இடத்தில் 74 சதவீதம் நிரம்பியிருக்கும். உருண்டைகளை இதைவிட நெருக்கி அடுக்க முடியாது என்று யோகான்னஸ் கெப்லர் 1611-இல் சொன்னார். அதற்கு நிரூபணத்தை அமெரிக்கக் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ் 1998-இல்தான் முன்வைத்தார். பழக்காரர் அனுபவத்தில் கண்டதைக் கணிதம் உறுதிசெய்ய ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பிடித்தன.

அ‑ஆ‑இ அடுக்கை முகப்பு மையக் கனச்சதுரம் என்று பாடநூல்கள் அழைக்கின்றன. ஒரு கனச்சதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் இருப்பதாக இதை வரையலாம். தங்கம், வெள்ளி, செம்பு, பிளாட்டினம், அலுமினியம் ஆகியவை இந்த வகை. தங்கத்தில் அந்தக் கனச்சதுரத்தின் ஒரு பக்கம் 0.408 நானோமீட்டர். அ‑ஆ அடுக்கின் பெயர் அறுங்கோண நெருங்கிய பொதிவு. மக்னீசியம், துத்தநாகம், டைட்டானியம் ஆகியவை இப்படி அடுக்கியவை. இனி முன்னதைக் கனச்சதுர அடுக்கு என்றும் பின்னதை அறுங்கோண அடுக்கு என்றும் சொல்வது போதும்.

நெருக்கம் ஒன்றாக இருந்தும் இவ்விரண்டின் குணம் வேறு. தங்கத்தை இழுத்தால் கம்பியாகிறது, தட்டினால் ரேக்காகிறது. கனச்சதுர அடுக்கில் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாகச் சறுக்க நான்கு தளங்களும், தளத்துக்கு மூன்று திசைகளுமாகப் பன்னிரண்டு வழிகள் இருப்பது இதற்கு ஒரு பெரிய காரணம். அறுங்கோண அடுக்கில் அப்படி எளிதாகச் சறுக்கும் தளம் ஒரு திக்கில் மட்டுமே உண்டு. பொற்கொல்லரின் கைக்குத் தங்கம் இவ்வளவு இணங்கிப் போவதில் அணுக்களின் அடுக்குக்கும் பங்கு இருக்கிறது.

உலோகங்கள் அடுக்கு மாற்றுவது புதிய செய்தி அல்ல. இரும்பு 912 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது பொருள் மையக் கனச்சதுரம் என்ற அடுக்கை விட்டு முகப்பு மைய அடுக்குக்கு மாறுகிறது. கொல்லர் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் தோய்த்து உரமேற்றுவதெல்லாம் இந்த மாற்றத்தை வைத்துத்தான். வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் கிடந்தால் அடுக்கு மாறிச் சாம்பல் நிறப் பொடியாக உதிரக்கூடும். தங்கத்தில் இப்படி எதுவும் நடப்பதில்லை. தட்டார் பட்டறையில் அதை உருக்குகிறார், தட்டுகிறார், கம்பி இழுக்கிறார், விறைத்துப்போனதும் மறுபடி காய்ச்சி இளக்குகிறார். இத்தனையிலும் மாறுவது உள்ளிருக்கும் படிகக் குருணைகளின் அளவும் வடிவமும்தான். 1064 டிகிரியில் உருகும் வரை அடுக்கு அப்படியே நிற்கிறது. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பட்டறைகளில், இரும்புப் பட்டறையில் நாள்தோறும் நடக்கும் மாற்றம் தங்கப் பட்டறையில் ஒருநாளும் நடப்பதில்லை.

முரட்டு வழியில் தங்கத்தை மசியவைக்க முடியும். இரண்டு வைரக் கூர்களுக்கு இடையே தங்கத்தை வைத்து நசுக்கும் சோதனையில் சுமார் 240 ஜிகாபாஸ்கல் அழுத்தத்துக்கு மேல் அது அறுங்கோண அடுக்குக்கு மாறுவதாக 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது நாம் வாழும் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 24 லட்சம் மடங்கு. பூமியின் நடுமையத்தில் இருக்கும் அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அழுத்தம் விலகினால் தங்கம் பழைய அடுக்குக்கே திரும்பிவிடும்.

இவ்வளவு பிடிவாதத்துக்கு, இரண்டு அடுக்குகளுக்கும் இடையே பெரிய ஆற்றல் இடைவெளி இருக்கவேண்டும் என்று தோன்றும். உண்மையில் ஓர் அணுவுக்கு என்று கணக்கிட்டால் அந்த வேறுபாடு மிகச் சிறியது. கனச்சதுர அடுக்கில் அணு இருப்பது அறுங்கோண அடுக்கில் இருப்பதைவிடக் கொஞ்சம் நிம்மதி, அவ்வளவே. ஆனால் ஒரு பவுன் எடையுள்ள, அதாவது 8 கிராம் சுத்தத் தங்கத்தில் 24-க்குப் பின் 21 பூஜ்யங்கள் போட்டால் வரும் எண்ணிக்கையில் அணுக்கள் இருக்கின்றன. அத்தனையின் சிறு விருப்பமும் ஒரே பக்கம் சேரும்போது முடிவு அசைக்க முடியாததாகிறது.

துகள் சிறுக்கும்போது இந்தக் கணக்கில் இன்னொரு தரப்பு நுழைகிறது. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்குப் பன்னிரண்டு அண்டை அணுக்கள் கிடைப்பதில்லை. ஒரு பக்கம் வெட்டவெளி. அதன் ஆற்றல் கணக்கே தனி. ஒரு பவுன் தங்கத்தை ஒரு கனச்சதுரக் கட்டியாக வார்த்தால் அதன் மேற்பரப்பில் இருப்பது சுமார் அறுபது லட்சத்தில் ஒரு அணு. அதன் பேச்சு எடுபடாது. பதினாறு அணு அடுக்கு மட்டுமே தடிமன் உள்ள தகட்டில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு வெளியே நிற்கிறது. அதாவது எட்டில் ஒரு பங்கு அணுக்கள். பதின்மூன்று அணுக்கள் மட்டும் கொண்ட கொத்தில் பன்னிரண்டு வெளியே, ஒன்றுதான் உள்ளே. இந்த அளவுகளில் மேற்பரப்பு எந்த அடுக்கில் நிம்மதியாக இருக்கிறதோ, அந்த அடுக்குக்கு உள்ளும் இணங்கிப் போகும்படி ஆகிவிடுகிறது. மேற்பரப்பின் நிம்மதியையோ அதில் ஒட்டியிருக்கும் மூலக்கூறு தீர்மானிக்கிறது. வேதியியல் உள்ளே நுழையும் வாசல் இதுதான்.

சிறு தங்கத் துகள்கள் தம் வழியில் போகும் என்பதன் முதல் அறிகுறிகள் பழையவை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே தங்க உப்புக் கரைசலைப் பாஸ்பரஸ் கொண்டு ஒடுக்கி, மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம் தயாரித்து 1857-இல் அதைப் பற்றி உரையாற்றினார். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களே அந்தச் சிவப்புக்குக் காரணம் என்று அவர் கண்டுகொண்டார். 1960-களில் ஜப்பானில் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பார்த்தபோது, இப்படிப்பட்ட துகள்கள் பல ஐந்து மடிப்பாகவும் இருபது முகங்களோடும் ஒட்டுப்போட்ட படிகங்களாக இருப்பது தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஒட்டுத்துண்டின் உள்ளேயும் இருந்தது பழைய கனச்சதுர அடுக்குதான்.

முழுமையான அறுங்கோண அடுக்கில் தங்கத்தைக் குப்பியிலேயே வளர்த்துக் காட்டியது சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹுவா ஜாங் நடத்திய ஆய்வுக்குழு. 2011-இல் அவர்கள் வெளியிட்ட செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. தங்கத்தின் குளோரோ ஆரிக் அமிலம், ஓலைல் அமீன் என்ற கொழுப்புத்தன்மையுள்ள சேர்மம், கிராபீன் ஆக்சைடு என்ற கரித்தாள். இவற்றை ஹெக்சேனும் எத்தனாலும் கலந்த திரவத்தில் இட்டு 55 டிகிரியில் 16 மணி நேரம் வைத்திருக்கவேண்டும். கை பொறுக்காத சுடுநீரின் சூடு, அவ்வளவுதான். கரித்தாளின் மேல் சின்னஞ்சிறு சதுரத் தகடுகள் முளைக்கின்றன. பக்கம் 200 முதல் 500 நானோமீட்டர், தடிமன் சுமார் 2.4 நானோமீட்டர், அதாவது பதினாறு அணு அடுக்கு. அடித்து மெலித்த தங்க ரேக்கின் தடிமன் 100 நானோமீட்டர் அளவில் இருக்கும். இந்தத் தகடு அதிலும் நாற்பதில் ஒரு பங்கு. வைரக் கூர்களால் 24 லட்சம் வளிமண்டல அழுத்தம் கொடுத்துப் பெற்ற அடுக்கு இந்தத் தகடுகளில் தானாகவே அமைந்திருந்தது.

தகட்டை நெருங்கிப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். பழ அடுக்கு உவமையைக் கேட்டவர்கள், பதினாறு அடுக்குகளும் தட்டில் பரப்பியதுபோலப் படுத்துக் கிடக்கும் என்றுதான் எண்ணுவார்கள். அப்படி இல்லை. நெருங்கிய அ‑ஆ தளங்கள் இந்தத் தகட்டில் அலமாரியில் வைத்த புத்தகங்களைப் போல நிமிர்ந்து நிற்கின்றன. ஆகவே தகட்டின் மேல்முகம் அணுக்கள் நெருங்கிய, அடக்கமான முகம் அல்ல. பள்ளமும் மேடுமாக வரிவரியாகத் திறந்து கிடக்கும் முகம். அத்தகைய முகம் தனியே நிற்காது. ஓலைல் அமீன் மூலக்கூறுகள் அதன்மேல் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு அதைத் தாங்குகின்றன. பதினெட்டுக் கார்பன் நீளமுள்ள வாலும், ஒரு முனையில் நைட்ரஜன் தலையும் கொண்டவை அவை. தலை தங்கத்தைப் பிடித்துக்கொள்ள, வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்படி உலோகத்தைப் பற்றி நிற்கும் மூலக்கூறை ஈனி என்பார்கள். தகடு தடிக்கத் தொடங்கினால் உள்ளணுக்களின் கை ஓங்கி, கனச்சதுரத் துண்டுகள் இடையிடையே தலைகாட்டத் தொடங்குகின்றன.

இத்தனை நொய்மையான பொருளைப் பார்ப்பதே ஒரு சோதனை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தகட்டை ஊடுருவும் கதிர்கள் அணு வரிசைகளால் சிதறி, திரையில் புள்ளிகளின் கோலமாக விழும். புள்ளிக் கோலத்தின் இடைவெளிகளிலிருந்தும் கோணங்களிலிருந்தும் அடுக்கு எதுவென்று கணக்கிடலாம். ஆனால் பார்க்கப் பயன்படும் அந்த எலக்ட்ரான் கற்றையே தகட்டை மாற்றிவிடுகிறது. கற்றை சற்று நேரம் ஒரே இடத்தில் விழுந்தால் அறுங்கோண அடுக்கு ஆய்வாளரின் கண்முன்னே கனச்சதுர அடுக்காகிவிடுகிறது என்று அதே 2011 கட்டுரை பதிவுசெய்தது. பார்த்து முடிப்பதற்குள் பொருள் வேறாகிவிடக்கூடும் என்பதால் குறைந்த கற்றை, குறைந்த நேரம் என்று எச்சரிக்கையோடுதான் படமெடுக்கவேண்டும்.

மாற்றம் இவ்வளவு அருகில் இருக்கிறதென்றால் அதை வேண்டியபோது வேதியியலால் தூண்ட முடியுமா? 2015-இல் அதே குழு இந்தக் கேள்விக்கு விடை சொன்னது. அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி தயோல் என்ற கந்தகச் சேர்மம். சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கில் ஏறும் நாற்றம் தயோல் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருளுடையதுதான்; கசிவைக் காட்டிக்கொடுப்பதற்காகவே அதைக் கலக்கிறார்கள். தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள ஒட்டுறவு வலுவானது. நைட்ரஜன் தலை பிடித்திருக்கும் இடத்துக்குக் கந்தகத் தலை வந்தால், நைட்ரஜன் இடத்தைக் காலி செய்துவிடும். அமீன் போர்த்திய சதுரத் தகடுகள் மிதக்கும் திரவத்தில் தயோல் சேர்த்தபோது நடந்தது இதுதான். ஈனி மாறியது. அதோடு தகடு முழுவதும் அறுங்கோண அடுக்கிலிருந்து கனச்சதுர அடுக்குக்கு மாறிவிட்டது. சூடேற்றவில்லை, அழுத்தவும் இல்லை. சதுர வடிவமும் கலையவில்லை.

அணுக்கள் இதற்காக வெகுதூரம் நடக்கவேண்டியதில்லை. அ‑ஆ‑அ‑ஆ வரிசையை அ‑ஆ‑இ வரிசையாக்க, இரண்டு அடுக்குக்கு ஒருமுறை மேலிருப்பதெல்லாம் ஒரு குழியிலிருந்து பக்கத்துக் குழிக்குச் சறுக்கினால் போதும். தங்கத்தில் அந்தத் தூரம் ஒரு நானோமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் இந்தத் தகடுகளில் நடந்தது வெறும் சறுக்கல் அல்ல. சறுக்கல் மட்டும் என்றால் மேல்முகம் முன்போலவே வரிவரியான முகமாக மிஞ்சியிருக்கவேண்டும். மாறிய தகடுகளின் மேல்முகமோ கனச்சதுரத்தின் முகத்தோடு ஒத்த, அணுக்கள் சதுரக் கட்டமாக அமைந்த முகமாக இருந்தது. அடுக்கும் மாறி, அடுக்கின் திசையும் மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தில் ஆழ்ந்து நோக்கவேண்டிய இடம் இதுவே: புது ஈனி தனக்கு ஏற்ற முகத்தைக் கேட்கிறது, அந்த முகம் கிடைக்கும்படி உள்ளிருப்பது மொத்தமும் திரும்பி உட்காருகிறது.

ஈனிக்குப் பதிலாக இன்னொரு உலோகத்தைப் பூசினாலும் பலன் உண்டு. தகட்டின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு ஏற்றியபோது தங்கம் கனச்சதுர அடுக்குக்கு நகர்ந்தது. இங்கே பூச்சு ஏற்றும்போது உடனிருக்கும் துணைப்பொருளைப் பொறுத்து இரண்டு பாதைகள் தென்பட்டன. ஒன்றில் தகடு முழுதாக மாறி, சதுரக் கட்ட முகத்தைப் பெற்றது. மற்றதில் பாதி அறுங்கோணமும் பாதி கனச்சதுரமுமாகக் கலந்து நின்றது. அந்தக் கலப்பில் வரிமுகம் அப்படியே இருந்தது. அதாவது இரண்டாவது பாதையில்தான் வெறும் சறுக்கல் நடந்திருக்கிறது.

அதே 2015-இல் அவர்கள் தங்கத்துக்கு முன்பு அறியப்படாத மூன்றாவது அடுக்கையும் காட்டினார்கள். நானோ நாடாக்களில் அ‑ஆ‑இ‑ஆ என்று நான்கு அடுக்குக்கு ஒருமுறை திரும்பும் வரிசை அது. லாந்தனம் போன்ற சில உலோகங்களுக்கு இது இயல்பான அடுக்கு. தங்கத்துக்கு இது புதிது. இந்த நாடாக்களும் ஈனியை மாற்றியதும் கனச்சதுரத்துக்குத் திரும்பின. மாற்றாமல் வைத்திருந்த நாடாவின் மேல் வெள்ளியையும் பல்லேடியத்தையும் பிளாட்டினத்தையும் வளர்த்தபோது, அவையும் கீழிருக்கும் தங்கத்தின் வரிசையைப் பின்பற்றி அதே புதிய அடுக்கில் அமைந்தன. கோலத்தின் முதல் வரி எப்படியோ அப்படியே மீதி வரிகளும் போவதுபோல.

இதுவரை சொன்ன தகட்டிலும் நாடாவிலும் அணுக்களை எண்ணிச் சொல்ல முடியாது. இன்னும் கீழே இறங்கினால் எண்ணிச் சொல்லலாம். இருபது முப்பது தங்க அணுக்களும், அவற்றைப் போர்த்திய குறிப்பிட்ட எண்ணிக்கைத் தயோல்களும் சேர்ந்த கொத்துகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மூலக்கூறைப் போலத் துல்லியமானது. கொத்துகளை உப்புப்போலப் படிகமாக்கி எக்ஸ் கதிர் செலுத்தினால் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். 25 தங்க அணுக்களும் 18 தயோல்களும் கொண்ட கொத்தின் அமைப்பு 2008-இல் வெளியானது. நடுவே இருபது முக்கோண முகங்கள் கொண்ட பதின்மூன்று அணு உருண்டை. மீதிப் பன்னிரண்டு அணுக்களும் கந்தகங்களோடு சேர்ந்து ஆறு கொக்கிகளாக அதை வளைத்துப் பிடித்திருக்கின்றன. அந்த உருண்டை கனச்சதுர அடுக்கும் அல்ல, அறுங்கோண அடுக்கும் அல்ல.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோங்சாவ் ஜின் குழு, இத்தகைய கொத்துகளை ஈனி மாற்றத்தால் உருமாற்றும் வழியைச் செம்மையாக்கியது. 38 தங்க அணுக் கொத்து ஒன்று. அதன் நடுவில் இரண்டு உருண்டைகள் ஒரு முகத்தில் ஒட்டியிருக்கும். இதன் வளையும் தன்மையுள்ள தயோலுக்குப் பதிலாக, பருத்த தலைகொண்ட விறைப்பான வேறொரு தயோலை மிகுதியாகச் சேர்த்து 80 டிகிரியில் வைத்தால் அது 36 அணுக் கொத்தாகிவிடுகிறது. புதிய கொத்தின் நடுப்பகுதி நகைத் தங்கத்தின் அதே கனச்சதுர அடுக்கு. வழியில் நடப்பதையும் அவர்கள் படிப்படியாகத் தொடர்ந்து பார்த்தார்கள். முதலில் ஈனிகள் ஒவ்வொன்றாக இடம் மாறுகின்றன. பருத்த ஈனிகள் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் கொத்து நெளிகிறது. பிறகு ஒரு கொத்து இரண்டு தங்க அணுக்களை இழந்து 36 ஆக, இன்னொன்று இரண்டைப் பெற்று 40 ஆகிறது. கடைசியில் அந்த 40-ம் 36-இல் வந்து நிற்கிறது. 28 தங்க அணுக்கள் கொண்ட ஒரு கொத்தில் இந்தச் செப்பம் இன்னும் ஒரு படி மேலே போனது. தங்க அணுக்களும் 28, தயோல்களும் 20 என்ற எண்ணிக்கை மாறாமலே, ஈனியின் வகையை மாற்றி ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் வந்த வழியே திரும்பவும் முடிந்தது. சதுரத் தகட்டில் ஒருவழிப் பயணமாக இருந்தது இங்கே இருவழியானது.

இதற்கு நேரெதிரான பாடம் ஒன்று சென்னையிலிருந்து வந்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தலப்பில் பிரதீப் குழு, 25 தங்க அணுக் கொத்தையும் அதே வடிவமுள்ள 25 வெள்ளி அணுக் கொத்தையும் ஒரே கரைசலில் கலந்தது. இரண்டும் தாமாகவே அணுக்களையும் ஈனிகளையும் கைமாற்றிக்கொண்டன. தங்கம் இருந்த இடத்தில் வெள்ளி, வெள்ளி இருந்த இடத்தில் தங்கம். ஆனால் கட்டமைப்பு மட்டும் குலையவில்லை என்று 2016-இல் வெளியான அவர்களின் கட்டுரை சொல்கிறது. ஓரிடத்தில் தனிமம் அப்படியே இருக்க அமைப்பு மாறுகிறது, மற்றோரிடத்தில் அமைப்பு அப்படியே இருக்கத் தனிமம் மாறுகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், ஒரு படிக அமைப்பு அந்தத் தனிமத்துக்கே பிறவியில் எழுதிவைத்த குணம் என்ற பழைய எண்ணம் எவ்வளவு அரைகுறையானது என்பது விளங்குகிறது.

பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கிரிதர் குல்கர்னி குழு தங்கத்தின் அடுக்கை மாற்றும் இலக்கை வேறு வழியில் அடைந்தது. தங்கச் சேர்மத்தை வெள்ளி அயனிகளின் உடனிருப்பில் வெப்பத்தால் சிதைத்து, இரண்டு பக்கமும் கூம்பிய மைக்ரோமீட்டர் அளவுப் படிகங்களை 2015-இல் அவர்கள் வளர்த்தார்கள். கூம்பின் முனை ஐந்து துண்டுகள் ஒட்டியது. ஐந்து நான்முகிகளை ஓர் அச்சைச் சுற்றி அடுக்கினால் 360 டிகிரிக்கு 7 டிகிரிக்குச் சற்று அதிகமாகவே குறையும். அந்த இடைவெளியை இழுத்து மூடுவதால் படிகத்துக்குள் நிரந்தரமான ஒரு திரிபு நிற்கிறது. அந்தத் திரிபினால் கனச்சதுரம் நெளிந்து, ஒரு பக்கமோ மூன்று பக்கங்களுமோ நீளம் வேறான பெட்டி அடுக்குகளாகியிருந்தது. சாதாரணச் சூழலில் அவை நிலைத்தும் நின்றன. நானோ அளவைத் தாண்டிய படிகத்தில் இப்படி நின்றது குறிப்பிடத்தக்கது.

அடுக்கு மாறினால் தங்கத்தின் நடத்தை எவ்வளவு மாறும் என்பதற்கு மிகத் தெளிவான அளவீடு 2019-இல் ஜின் குழுவிடமிருந்து வந்தது. அடமாண்டேன் என்ற பருத்த கூண்டு வடிவத் தயோல் போர்த்திய இரண்டு கொத்துகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். 30 அணுக் கொத்து அறுங்கோண அடுக்கு, 38 அணுக் கொத்து (முன்பு சொன்னதல்ல, வேறொன்று) பொருள் மையக் கனச்சதுர அடுக்கு. ஒளி பட்டுக் கிளர்ந்தெழும் எலக்ட்ரான் மறுபடி அடங்கும் வரை எவ்வளவு நேரம் கிளர்ந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அறுங்கோணக் கொத்தில் அது 1 நானோவினாடி. பொருள் மையக் கொத்தில் 4.7 மைக்ரோவினாடி. ஒரே உலோகம், ஒரே வகை ஈனி. நேரத்தில் 4700 மடங்கு வேறுபாடு. இரண்டாவது அளவு, சூரிய மின்கலம் செய்யும் சிலிக்கனோடு ஒப்பிடத்தக்கது என்று அவர்கள் சுட்டினார்கள். ஒளியிலிருந்து ஆற்றல் எடுக்கும் எந்தக் கருவிக்கும் இந்த நேரம் முக்கியம். எலக்ட்ரான் அடங்கிப்போவதற்குள் அதை வெளியே இழுத்து வேலை வாங்கியாக வேண்டும்.

வினையூக்கத்திலும் அடுக்கு பேசுகிறது. தங்கம் வினைபுரியாத உலோகம் என்று எண்ணியிருந்த காலத்தில், நானோ துகளாக்கினால் அது கார்பன் மோனாக்சைடை எரிக்க உதவும் என்று ஜப்பானின் மசதாகே ஹருதா 1980-களில் காட்டினார். இப்போது அந்தத் துகளின் அடுக்கையும் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. வினையூக்கி வேலை செய்ய அதன் மேற்பரப்பு திறந்திருக்கவேண்டும். ஈனிகள் போர்த்தியிருந்தால் வினைபடும் மூலக்கூறு தங்கத்தைத் தொடவே முடியாது. ஈனிகளைக் கழுவி அகற்றினாலோ, அவை தாங்கிப் பிடித்திருந்த புதிய அடுக்கு பழையபடி கனச்சதுரமாகச் சரிந்துவிடக்கூடும்.

இதற்கு ஒரு வழியாக அமைந்தவை ஹுவா ஜாங் குழு 2020-இல் வெளியிட்ட தங்கக் குச்சிகள். இரண்டு முனைகளும் வழக்கமான கனச்சதுர அடுக்கு, நடுத்துண்டு மட்டும் அறுங்கோண அடுக்கு. மிதமான சூட்டில் ஒரே பாத்திரத்தில் இவை வளர்கின்றன. கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் ஒடுக்கும் வினையில் இந்தக் கலப்புக் குச்சிகள் முழுக் கனச்சதுரக் குச்சிகளைவிடத் திறமாக வேலை செய்தன. இரண்டு அடுக்குகளும் கலந்த தங்கத்தில் வினையின் இடைநிலை மூலக்கூறுகள் ஒட்டுவது ஆற்றல் கணக்கில் சாதகமாக இருப்பதே இதற்குக் காரணம் என்று அவர்களின் கணிப்புகள் காட்டுகின்றன.